தண்ணீர்ச் சொட்டு உருளும் வரை

புற்றுநோய்க்காக என் கணவரின் தொண்டையில் கத்தி வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. ஆனாலும் அந்தக் குரல் எங்கள் சமையலறைக் கூண்டில் இருந்தது. "மகாராணி, சாப்டாச்சா?" என்று அவர் என்னைச் சீண்டுவதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கிளி, அதே கரகரப்போடு கேட்கும். அவர் ஹாலில் உட்கார்ந்து கை தட்டிச் சிரிப்பார். நான் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லுவேன்.

அந்த வியாதிக்குப் பிறகு நான் சூடு கண்ட பூனை. நான்ஸ்டிக் சட்டியில் பூச்சு உரிவதைப் பார்த்ததுமே எவர்சில்வர் வாணலி வாங்கிவிட்டேன். முதல் வாரம் முட்டை அடியோடு ஒட்டி மானத்தை வாங்கியது. கடைக்காரப் பெண்ணிடம் போய்ப் புலம்பினேன்.

"வெறுஞ்சட்டிய நல்லா காய விடுங்கக்கா. தண்ணி சொட்டு விட்டா கோலிகுண்டாட்டம் உருளணும். அப்புறம்தான் எண்ணெய்."

அது பலித்தது. என் கையும் அதற்கே பழகிவிட்டது. பழையதைத் தூக்கிப்போடச் சொல்லி அவர் சிலேட்டில் எழுதினார். ஆத்திர அவசரத்துக்கு ஆகுமே என்று நான்தான் மேல்தட்டில் வைத்தேன்.

இன்று காலை அவர் பரிசோதனைக்குப் போயிருந்தார். வாணலி கருகலோடு ஊறிக்கொண்டிருந்தது. பழைய சட்டியை இறக்கி, பழக்கதோஷத்தில் வெறுமனே காய வைத்தேன். வெளியே மழை, ஜன்னல் சாத்தியிருந்தது. ஹாலில் போன் அடித்தது. நாத்தனார். அவளிடம் பேச்சு வளர்ந்தது, அடுப்பு மறந்தது.

"அண்ணி, கிளிய ஒரு தடவ பேசச் சொல்லுங்களேன். அண்ணன் குரலக் கேட்டு மாசக்கணக்காச்சு."

போனோடு சமையலறைக்குப் போனேன். சட்டி லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. கிளி கூண்டின் அடியில் கிடந்தது.

"அண்ணி? சத்தமே கேக்கலையே?"

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பறவை மருத்துவருக்குப் போன் செய்தேன். "வெறுஞ்சட்டி ரொம்ப காஞ்சா அந்தப் பூச்சுலேருந்து புகை வரும்மா. பறவைக்கு அது விஷம். இனி செய்ய ஒண்ணுமில்ல" என்றார். உயிருக்குப் பயந்து பழகிய பழக்கமே உயிரை எடுத்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று ஊருக்குச் சொல்லலாம். என்னிடம் நானே என்ன சொல்லிக்கொள்வது? அவர் குரலை நான் ஒரு தடவைகூடப் பதிவு செய்து வைக்கவில்லை. கிளிதான் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் அவர் வந்தார். கூண்டைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து, "நான்தாங்க கொன்னுட்டேன்" என்று அழுதேன். அவர் சிலேட்டில் எழுதி என் மடியில் வைத்தார்.

"மகாராணி, சாப்டாச்சா?"

மனதுக்குள் அதை அவர் குரலில் படித்துப் பார்த்தேன். என் குரல்தான் கேட்டது.