என்ன எடுக்கறீங்க?

சௌந்திரம் அக்கா எங்கள் கடைக்கு வந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று எனக்கு இப்போதும் நிச்சயமில்லை. கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு செவ்வாய் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் புதன் என்று தோன்றியது. மனதுக்குள் ஓட்டிப் பார்க்கப் பார்க்க, அவர் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட மாறிக்கொண்டே போகிறது. மாறாமல் இருப்பது ஒன்றுதான். "வாங்கக்கா, என்ன எடுக்கறீங்க?" என்று நான் கேட்டேன். "கைலி எடுக்கோணுங்க" என்று அவர் சொன்னார்.

துணிக்கடையில் யாரும் எதையும் வாங்குவதில்லை. எல்லோரும் எடுக்கத்தான் வருகிறார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்துல் சலாம் பாயின் கடையில் பதினோரு வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று சௌந்திரம் அக்கா ஒரு துண்டுக்கு மட்டும் பில் போட்டுவிட்டு, ஒயர்க்கூடைக்குள் ஒரு கைலியையும் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் எட்டிக் கூடையைப் பிடித்தேன்.

நான் அப்படிப் பாய்ந்ததற்குக் காரணம் இருந்தது. எட்டு மாதமாகக் கடையில் கைலிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. சுவரில் இருந்த கேமரா வெறும் கூடு; பார்ப்பவர்கள் பயப்படட்டும் என்று பாய் வாங்கி மாட்டியது. அதனால் தினமும் சாயந்திரம் நான் கிளம்பும்போது அவர் என் பையைத் திறந்து பார்ப்பார். "கோவிச்சுக்காதே மோகனு, மனசு கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே சோற்று டப்பாவின் மூடியையும் திறப்பார். நான் ஒன்றும் பேசமாட்டேன். பேசாமல் இருப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே சுலபம். ஆனால் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தத் திருடனுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று யோசிப்பேன். ஓமலூர் வருவதற்குள் குறைந்தது மூன்று தடவை அவனை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன்.

அந்தத் திருடன், சேந்தமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் ஐம்பது வயது அம்மாளாக இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. மாட்டிக்கொண்டதும் அவர் மறுக்கவும் இல்லை. "ஆமாங்க சாமி, எடுத்துட்டேன். ஊட்டுல இன்னும் பத்து இருக்குதுங்க" என்றார். போலீஸ்காரரோடு பாய் போய்ப் பார்த்தபோது, பீரோவில் பத்துக் கைலிகள் மடிப்புக் கலையாமல், லேபிள்கூடக் கிழிக்காமல் இருந்தனவாம். வீட்டில் இருந்தது அவரும் கல்லூரிக்குப் போகும் மகளும் மட்டும்தான்.

"இத வச்சு என்னம்மா பண்ணுவே?" என்று பாய் கேட்டிருக்கிறார்.

"அதானுங்க பாய், கைலி கட்டறதுக்கு எங்கூட்டுல ஆம்பளையே இல்லீங்க."

கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. தண்டனையானால் சத்துணவு வேலை போய்விடும் என்று சௌந்திரம் அக்காவின் வக்கீல் வெண்ணிலா வராந்தாவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. போகட்டுமே என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதலில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். வெண்ணிலா எழுந்து, "என்ன எடுக்கறீங்கன்னு கேட்டது நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்க."

"அவங்க எடுத்தாங்க. நீங்க கேட்டதைத்தானே செஞ்சாங்க?"

கோர்ட்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூண்டில் நின்று சிரிக்கலாமா என்று தெரியாமல் இருமினேன்.

பிறகு வெண்ணிலா, சௌந்திரம் அக்காவைப் பார்த்த மனநல டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தார். இது ஒரு நோய், தேவைக்காக எடுப்பதில்லை, எடுக்காமல் இருக்க முடிவதில்லை என்று அதில் எழுதியிருந்தது. மாஜிஸ்திரேட் நிதானமாகப் படித்தார். "டாக்டர் சொல்றதை நான் நம்புறேன். ஆனா, செய்யறது தப்புன்னே தெரியாத அளவுக்கு மனநிலை சரியில்லாதவங்களுக்குத்தான் சட்டம் விலக்கு கொடுக்குது" என்று சொல்லிவிட்டு, சௌந்திரம் அக்காவின் பக்கம் திரும்பினார். "அம்மா, இது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுமுங்க."

வெண்ணிலா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க."

"ஏனுங்க வக்கீலம்மா, திருடுனது பத்தாதுன்னு பொய் வேற சொல்லோணுமா?"

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரிஞ்சும் ஏம்மா செய்யறீங்க?"

"அதைத்தானுங்க இந்தக் கையை நானும் கேக்கறேன். வேண்டாம், வேண்டாம்னுதான் கடைப்படி ஏறுவேன். எடுக்கற வரைக்கும் நெஞ்சுக்குள்ள மொளகா அரைக்கற மாதிரி இருக்கும். கூடையில போட்டதும் நின்னுக்கும். பஸ் ஏறுனதும் அழுவேனுங்க."

மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார். பிறகு, பொருளுக்கு உரியவர் சம்மதித்தால் சமரசமாக முடிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று பாயைப் பார்த்தார்.

பாய் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எம் பொருள் வந்துருச்சுங்க ஐயா. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்த மோகன்குமார் பையை எட்டு மாசம் சோதிச்சிருக்கேன். தயிர்சாதத்தைக்கூட விடல. அவன் சரின்னா எனக்கும் சரி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் நான் எழுதிவைத்திருந்த தீர்ப்புகள் அத்தனையும் நினைவுக்கு வந்தன. ஒன்றைக்கூட வாய் திறந்து சொல்ல முடியவில்லை. சௌந்திரம் அக்கா கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"உம்மேல பழி வந்துதா சாமி?" என்றார். "அது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க."

காலையிலிருந்து வெண்ணிலா அவர் வாயிலிருந்து வரவழைக்கப் பார்த்தது அந்தத் ‘தெரியாது’ என்ற வார்த்தையைத்தான்.

"அக்காவை விட்டுருங்க ஐயா" என்றேன். இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதுபோலத் தோன்றியது. "பாய் இன்னமும் என்னோட பையைப் பாக்கறாரு, அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

"அதுக்கு நான் உத்தரவு போட முடியாதுப்பா" என்றார் மாஜிஸ்திரேட்.

"போடாட்டியும் நிறுத்திக்கறேங்க ஐயா" என்றார் பாய்.

இது நடந்து ஒன்றரை வருடமாகிறது. மாஜிஸ்திரேட் மாற்றலாகித் தெற்கே போய்விட்டார். வெண்ணிலா நாமக்கல்லில் தனியாக ஆபீஸ் போட்டிருக்கிறார். பாய்க்கு முழங்கால் வலி. கடையை மருமகன் அல்தாப் பார்க்கிறார். நான் அதே கடையில்தான் இருக்கிறேன். சௌந்திரம் அக்கா மாதம் ஒருமுறை சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வந்து டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகிறார். முழுதாகக் குணமாகவில்லை, குறைந்திருக்கிறது என்கிறார். வேலை போகவில்லை. போன மாதம் கொல்லிமலைக்குப் போகும் வழியில் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டரை. பிள்ளைகள் தட்டை ஏந்திக்கொண்டு வெயிலில் வரிசையாக நின்றார்கள். சௌந்திரம் அக்கா ஆவி பறக்கும் அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டிலும் ஒரு முட்டை வைத்துக்கொண்டிருந்தார்.