பாவில் ஒட்டிய சோறு

1958இல் எனக்கு வயது இருபது. என் நாக்குக்கு நூறு. சின்னாளப்பட்டியில் நான் ஒரு கேலி சொன்னால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். தங்கை வீரலட்சுமிக்குப் பதினைந்து. கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள், அவ்வளவுதான். எங்களுடையது, தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்கிற தறி. ஒருநாள் அவள் அதில் இறங்கும்போது எல்லோர் முன்னாலும் கூவினேன்.

"கடப்பாரைய எடுங்கப்பா! லட்சுமிக்குக் குழிய அகலப்படுத்தணும். ஆத்தூர்ல கம்மா வெட்டுற ஆளுக அம்புட்டுப் பேரும் வரணும்!"

வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதை நான் நம்பிவிட்டேன்.

மறுநாளிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். காலித் தட்டோடு வருவாள். கேட்டால், "அப்பவே சாப்டேண்ணே."

அந்த மாதம் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் விறைப்பாக நிற்கச் சோற்றுக் கஞ்சி பூசுவோம். கஞ்சிப் பானை நாளுக்கு நாள் கெட்டியாகிக்கொண்டே போனது. "ஏலே, நம்ம பாவு இரும்புக் கம்பிடா!" என்று பீற்றினார். நானும் என் பங்குக்கு, அதில் பழனிக் கோயில் யானையையே கட்டலாம் என்று அளந்தேன்.

ஒரு காலை, தெருவில் நீட்டிக் கட்டிய வெள்ளைப் பாவில் மஞ்சள் கறை. குனிந்து பார்த்தால் ஒரு கடுகு, கறிவேப்பிலை, பருப்புக் குழம்புச் சோறு. தினமும் குழம்பைக் கழுவிவிட்டுத் தன் சோற்றைக் கஞ்சிப் பானையில் கொட்டியிருக்கிறாள். அன்று கழுவ நேரமில்லை போலும்.

"எவடி அவ?" என்று அப்பா கத்தினார். லட்சுமி சுவரோடு ஒட்டி நின்றாள். கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை ஏறியிருந்தன. இதில் மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

அம்மா அழுதாள், திட்டினாள், வேண்டிக்கொண்டாள். பலிக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த லட்சுமியின் கூட்டாளி ஜக்கம்மாள்தான் தினமும் தன் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். சாப்பிடு என்று ஒரு நாளும் சொல்லவில்லை. "தனியாத் தின்னா எங்காத்தா திருட்டுப் பூனைங்கிறா. செத்த நேரம் கூட உக்காருடி" என்பாள். ஊர்வம்பு பேசிக்கொண்டே உண்பாள்.

மூன்றாம் வாரம் லட்சுமி ஒரு உருண்டை எடுத்தாள். என்னைக் கண்டதும் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணே, நீங்க வெளிய போங்க" என்றாள் ஜக்கம்மாள். போனேன்.

அப்புறம் லட்சுமி தேறினாள், பிள்ளை குட்டி பெற்றாள். பென்ஷன் வாங்குகிற இந்த வயதில் அவள் வீட்டுக்குப் போனாலும், எனக்கு ஊருக்கே காணும் அளவு பரிமாறுவாள்.

"நீயும் உக்காரு தாயி."

"நீங்க சாப்டுங்கண்ணே. நான் பெறகு."

அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். உள்ளே அவள் தட்டுச் சத்தம் கேட்கிற வரைக்கும் செருப்பை மாட்டமாட்டேன்.