செவலை யாருக்கு

"கன்னு எங்கய்யா?" என்றாள் அங்கம்மாள்.

கையில் தவிட்டுக் கஞ்சிக் குண்டான். தலையீத்து ஈன்று நிற்கிற கிடாரிக்கு வெல்லம் போட்டுக் காய்ச்சி எடுத்து வர அடுப்படிக்குப் போய்த் திரும்பிய நேரம்தான். கொட்டகையில் செவலை மட்டும் நின்றது, தன் உடம்பிலிருந்து என்ன இறங்கிப் போயிற்று என்றே தெரியாத மாதிரி கண்ணை உருட்டிக்கொண்டு. பக்கத்தில் மயிலை, இன்னும் நாள் இருக்கிற வயிற்றோடு, நிதானமாக அசை போட்டது.

"வெயில்ல போட்டிருக்கறேம்மா." குரல் வெளியிலிருந்து வந்தது. "ஒரு கொடம் தண்ணி ஊத்தித் தொடைச்சி வுட்டேன். இன்னா ஒரு வழவழப்பு. இப்பப் பாரு, பட்டு மாதிரி இருக்குது."

குப்புசாமி முதலியார் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றார். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருப்பவர். புடவையில் கடுகளவு கறை விழுந்தாலும் முதலில் அங்கேதான் போய் நிற்கும் அவர் கண். கன்றைக்கூட அந்தக் கண்ணால்தான் பார்த்திருக்கிறார். அங்கம்மாள் குண்டானைச் செவலையின் முன்னால் வைத்தாள். தாய் நக்குவதற்கு முன்பே நக்க ஒன்றுமில்லாமல் துடைத்துவிட்டாரே மனுஷர்.

மாநிலத்துக்குப் பேர் மாற்றின வருஷம் செவலையையும் மயிலையையும் கன்றுகளாக ஓரிக்கைக்கு ஓட்டி வந்து அவளிடம் வாரத்துக்கு விட்டவர் அவர்தான். "எங்கூட்ல தறி வைக்கவே எடம் இல்லம்மா. நீ வளத்துக் குடு. கன்னு போட்டதும் ரெண்டு மாட்டுல உனக்கொன்னு, எனக்கொன்னு. எது எனக்குன்னு மொதக் கன்னு வுழுந்த அன்னிக்கு நான் சொல்றேன்." அன்றைக்கு அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு செவலைக்குக் கழிச்சல் கண்டது. பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்டதை மூங்கில் குழாயில் கஞ்சி புகட்டிப் புகட்டி எழுப்பி நிறுத்தினாள். அதிலிருந்து அவள் பாலாற்றுக்குத் துவைக்கப் போனாலும் அது பின்னாலேயே வரும். "ஒம் பொண்ணு வருது பாரு" என்று துறையில் கேலி செய்வார்கள்.

இன்று காலை, ஈன்றது கடேரி, பெண் கன்று என்று தெரிந்ததுமே முதலியார் சொல்லிவிட்டார். "ராசியா கடேரி போட்டுக்குது. செவலைய நான் ஓட்டிக்கிறேம்மா."

"உங்க இஷ்டம் மொதலியாரே" என்றுதான் அவளும் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படியில் கஞ்சியைக் கிண்டுகிற சாக்கில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் அர்ஜுனன் கன்றைத் தூக்கி வந்து தாயின் முன்னால் விட்டான். செவலை குனிந்து மோந்தது. பிறகு யாரோ எவரோ என்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டது. கன்று நாலு காலையும் பரப்பித் தள்ளாடி மடிக்குப் போனது. விழுந்தது ஓர் உதை. மறுபடி போனது. மறுபடி உதை. அர்ஜுனன் சீம்பாலையாவது கறந்து ஊட்டலாமென்று உட்கார, சொம்பு பறந்து முதலியாரின் காலடியில் போய் விழுந்தது.

"இன்னாப்பா இது, இந்த எத்து எத்துது?" முதலியார் இரண்டடி பின்னால் போனார். "எங்கூட்ல தறிக்கு அந்தாண்டதான் கட்டணும். நடுவுல ஒரு தட்டிதான். பாவு நூல்ல காலு பட்டா நான் தொலைஞ்சேன்."

"தலைச்சன் ஈத்து, அப்டித்தான் இருக்கும்" என்றான் அர்ஜுனன்.

"எனக்கு வேணாம்பா. மயிலைய ஓட்டிக்கிறேன். அது பாட்டுக்கு சாதுவா நிக்குது பாரு."

அர்ஜுனன் பெண்டாட்டியின் பக்கத்தில் நகர்ந்து வந்து முனகினான். "அவரு வாயாலயே வந்திச்சி மே. அவரு கெளம்பற வரைக்கும் சும்மா இரு. அப்பறம் பாத்துக்கலாம்."

சும்மா இருந்தாள். செய்ய வேண்டியது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வாசம் போனால் வாசத்தைத் திருப்பிப் பூச வேண்டும், அவ்வளவுதான். முதலியார் சைக்கிளை எடுக்கட்டும். செவலை நம் கட்டுத்தறியிலேயே நிற்கும். ஆனால் முதலியார் எடுக்கிற வழியாயில்லை. கன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது உதைக்குப் பிறகு அது எழுந்திருக்கவில்லை. கத்திப் பார்த்தது. வாய் திறந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

மூங்கில் குழாயைக் கடித்துக்கொண்டு கிடந்த இன்னொரு கன்றின் வாய் அங்கம்மாளுக்கு ஞாபகம் வந்தது.

"அந்த வைக்கோல எங்கய்யா போட்ட?"

"எருக்குழி மேட்ல" என்றவன், "ஏமே..." என்று இழுத்தான்.

அவள் அதற்குள் போய்விட்டாள். கன்று விழுந்த ஈர வைக்கோல் நல்லவேளையாகக் காயவில்லை. வாரி அணைத்துக்கொண்டு வந்து கன்றின் முதுகிலும் வயிற்றிலும் முகத்திலும் தேய்த்தாள். மஞ்சள் மஞ்சளாக ஒட்டியது.

"அய்யய்யே, இன்னாம்மா பண்ற? இப்பத்தானே தொடைச்சேன்."

"அதான் மொதலியாரே, அதுக்கு இது யாருன்னு தெரியல."

மேலே ஒரு பிடி உப்பும் தடவி, செவலையின் மூக்குக்கு நேராகக் கன்றைத் தள்ளினாள். செவலை மோந்தது. காதை முன்னால் விடைத்தது. இன்னொரு தரம் மோந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து 'ம்ம்' என்று இதுவரை அது போட்டறியாத ஒரு சத்தம் போட்டு, நாக்கை நீட்டியது. நக்க ஆரம்பித்ததுதான், கன்று உருண்டு விழுகிற மாதிரி நக்கியது. கொஞ்ச நேரத்தில் கன்று மடியை முட்டியது. கால் எழவில்லை.

அர்ஜுனன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்றார் முதலியார்.

"தெரியும்."

"அப்ப ஏன் பாத்துக்கினு நின்ன?"

"நீங்க மயிலைய ஓட்டிக்கறேன்னீங்க. செவலை எனக்கு நிக்கட்டுமேன்னு நின்னேன்."

முதலியார் கவிழ்ந்து கிடந்த சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார். போகவும் இல்லை. வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டு, கன்று குடிப்பதையும் செவலை அடிக்கடி தலையைத் திருப்பி அங்கம்மாளைத் தேடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய நஞ்சுக்கொடி விழுந்தது. அர்ஜுனன் அதை வைக்கோலில் சுற்றி, பழைய சாக்கில் மூட்டையாகக் கட்டினான்.

"ஆலமரத்துல கட்டணும் மொதலியாரே, பால் நல்லா ஊறும். மாட்ட எந்த ஊர்ல கறக்கறமோ அந்த ஊர் மரத்துல கட்டறது வழக்கம்." கொஞ்சம் நிறுத்தி, "சைக்கிள்ல வச்சிக் கட்டட்டுமா?" என்றான்.

"குடு இப்பிடி."

முதலியார் மூட்டையைத் தானே வாங்கிக்கொண்டார். வேப்ப மரத்தில் சைக்கிள் சாய்ந்திருந்தது. அதைத் தாண்டி ஆற்றுக்குப் போகிற தடத்தில், ஓரிக்கை ஆலமரம் விழுதும் நிழலுமாய் நின்றது. அங்கம்மாள் செவலையின் கழுத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலியார் சைக்கிளிடம் போனார். ஹேண்டில்பாரைத் தொட்டார். பிறகு அதை விட்டுவிட்டுத் தடத்தில் நடந்தார். மூட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்துகொண்டே போயிற்று. அவர் குனிந்தே பார்க்கவில்லை.