நத்தைகளுக்கு ஆகாத மருந்து

தம்பி அறையை விட்டு வெளியே வந்து வெகுநாளாகிவிட்டது. குளியலறைக்கு வருவான், போவான், அவ்வளவுதான். அதுவும் நினைத்தால்தான் குளியல். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதி அப்படியே திரும்பி வரும். அக்கா என்ன செய்வாள், பாவம்! துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து நாளெல்லாம் ஊரார் கால்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துக்கொண்டிருப்பவள், வீட்டுக்கு வந்தால் மூடிய கதவோடு பேச வேண்டியிருந்தது.

அவன் லிப்ட் மெக்கானிக். கெட்டிக்கார வேலைக்காரன், சும்மா சொல்லக் கூடாது. ஒரு நாள் பழுது பார்த்துவிட்டு, "ஏறிப் பாருடா, சரியா இருக்கு" என்று கூட்டாளியிடம் சொன்னான். சரியாக இல்லை. கூட்டாளி பிழைக்கவில்லை. அன்றிலிருந்து, தன் கை பட்டதெல்லாம் நாசமாகும் என்கிற எண்ணம் அவனைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

அக்கா அதை விரட்டப் பார்த்தாள். எதைக் கொண்டு? பொய்யைக் கொண்டுதான். "உன் கூட்டாளி பொண்டாட்டியை நேர்ல பார்த்தேன்டா. உன்மேல துளிகூடக் கோபம் இல்லையாம். 'அவரை நல்லா சாப்பிடச் சொல்லுங்க'ன்னு சொல்லி அனுப்பினாங்க" என்று கூசாமல் அளந்துவிட்டாள். அன்றைக்கு அவன் தட்டைக் காலி செய்தான். மறுநாள் நன்றி சொல்வதற்காக அந்தப் பெண்ணுக்கே போன் போட்டுவிட்டான்! "உங்க அக்காவா? நான் அவங்களைப் பார்த்ததே இல்லையே" என்றாளாம். குட்டு வெளிப்பட்டது. அவன் சண்டைகூடப் போடவில்லை. "இனிமே நீ எது சொன்னாலும், எனக்காகச் சொல்றியோன்னுதான்க்கா தோணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடி மீன் தொட்டி வந்தது. கண்ணெதிரே நாலு உயிர் அசைந்தால் மனசு கொஞ்சம் தேறாதா என்கிற நப்பாசை. கப்பி, நியான், ஒரு ஜோடி மோலி என்று கலந்து வாங்கி, அவன் கட்டிலுக்கு எதிரே வைத்தாள். மீன்கள் பாட்டுக்கு நீந்தின. அவன் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கண்ணாடியில் பாசி படிந்து, மீன் எது செடி எது என்று தெரியாமல் போனதுதான் மிச்சம்.

"நத்தை விடுங்கம்மா, பாசியை அது பார்த்துக்கும்" என்றார் மீன் கடைக்காரர். மஞ்சள் ஓட்டு நத்தை மூன்றைப் பையில் போட்டுக் கொடுத்தார். அக்கா அதைக் கொண்டுவந்து, முடிச்சை அவிழ்த்து, தொட்டியில் கவிழ்க்கப் போனாள்.

"ஐயோ, அப்படியே கொட்டாதே!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலில் கிடந்தவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். "தண்ணி மாறினா அதுக்குத் தாங்காதுக்கா. கொஞ்சம் கொஞ்சமா பழகணும்." பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறு கரண்டியால் அள்ளி அள்ளி அதில் சேர்த்தான். முன்பு மீன் வாங்கி வந்தபோதே எங்கேயோ படித்து வைத்திருந்திருக்கிறான், திருட்டுப் பயல்! அக்கா அடுப்படிக்கு ஓடிப்போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அதற்கப்புறம் என்ன, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். வடிகட்டியின் வாயில் நத்தை மாட்டிக்கொள்ளாமல் பஞ்சு கட்டினான். மேலே வந்து மூச்சு வாங்க இடம் வேண்டும் என்று தண்ணீர் மட்டத்தைக் குறைத்தான், ஏறி வெளியே விழுந்துவிடக் கூடாது என்று மூடியின் இடுக்கை அடைத்தான். வெள்ளரித் துண்டை வேகவைக்க அடுப்படி வரைக்கும் வந்தான். ஓடு உறுதியாக இருக்க முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்தான். தினமும் குளித்தான்! எப்போதும் முதலில் சாப்பாட்டுக்கு வருகிற பெரியதற்குப் 'பெரியவர்' என்று பேர் வைத்தான். எல்லோரும் தின்று முடித்தபின் மெல்ல வருவது 'மேனேஜர்'. மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடப்பதற்கு அக்கா பேர் வைத்தாள்: 'மருமக'.

"மருமக இன்னிக்காவது சாப்பிட்டாளாடா?"

"மாமியார் வேலைக்குப் போனப்புறம் ரெண்டு துண்டு சாப்பிட்டாக்கா."

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை நானும் கடைக்கு வரேன். இன்னும் ரெண்டு வாங்கலாம்" என்றான். அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தெருவில் இறங்குகிறேன் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். இனி அவளுக்கு வேறு என்ன வேண்டும்?

அந்த வாரத்தில்தான் அது கண்ணில் பட்டது. அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. காபி கொண்டுபோன அக்கா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். செடிக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த மோலி மீனின் உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. இந்த மீன் செத்து மிதந்தால் இவன் என்ன ஆவான்? மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள மாட்டானா?

சாப்பாட்டு இடைவேளையில் மீன் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் நீல மருந்துப் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, "இதுல செம்பு இருக்கும்மா. தொட்டியில மீன் மட்டும்தானே?" என்று கேட்டார். எத்தனையோ பேர் வந்து போகிற கடை; அவளுக்கு நத்தை கொடுத்தது அவருக்கு நினைவில்லை. அக்கா ஆமென்று தலையை ஆட்டினாள். காதில் விழாமல் இல்லை, விழுந்தது. ஆனால் அவள் புத்தியெல்லாம் தம்பி பார்த்துவிட்டால் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதிலேயே இருந்தது. மீன் நோயை அவனுக்குத் தெரியாமலே தீர்த்துவிட வேண்டும். அதற்காகப் பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைக்கூட நகத்தால் சுரண்டிக் கிழித்துப் போட்டாள். அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து மருந்தை ஊற்றினாள். நீலம் சற்று நேரத்தில் கரைந்துவிட்டது. பாட்டிலை நூல் பெட்டிக்குள் ஒளித்தாள்.

மறுநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது, தம்பி தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் பெரியவர். தட்டில் மற்ற இரண்டும். உடம்பு ஓட்டை விட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அறை முழுக்க நாற்றம்.

"நான்தான்க்கா. முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போட்டேன்ல, நேத்து. சரியா கழுவலை போல. சரியா இருக்குன்னு நினைச்சுட்டேன்."

செம்பு என்று கடைக்காரர் சொன்னது அப்போதுதான் அக்காவின் மண்டையில் உறைத்தது. பாவி! என்ன காரியம் செய்துவிட்டேன்!

"இல்லடா! நான்தான்டா! மீனுக்கு உடம்பு சரியில்லைன்னு மருந்து ஊத்தினேன். அதுல செம்பு இருக்கு, அது நத்தைக்கு ஆகாது. நான்தான் கொன்னேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால்கூட அவள் பிழைத்திருப்பாள்.

"விடுக்கா."

"சத்தியமாடா! இரு, பாட்டிலைக் காட்டறேன்!" ஓடிப்போய் நூல் பெட்டியைக் கொட்டி எடுத்து வந்தாள். அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேரே இல்லையே. துணிக்குப் போடற நீலமா?"

அந்தத் தாளைத் தேடிக் குப்பையைக்கூடக் கிளறினாள். குப்பை வண்டி காலையிலேயே வந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு அவன் தொட்டி பக்கம் போகவில்லை. குளிப்பதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. ஒரு நாள் சுவரைப் பார்த்தபடியே, "மீனையெல்லாம் கடையிலேயே கொடுத்துடுக்கா. என் அறையில இருந்தா அதுங்களும் போயிடும்" என்றான். அக்கா கெஞ்சிப் பார்த்தாள். அவன் திரும்பவேயில்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர் மீன்களை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மலர்ந்துபோனார். "அட, ஒரு புள்ளிகூட இல்லையே! மருந்து நல்லா கேட்டிருக்கும்மா. அப்புறம் ஏன் திருப்பிக் கொண்டுவந்தீங்க?"

அவ்வளவுதான், அக்கா கடை வாசலிலேயே உடைந்துவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவான்" என்று கையைக் கூப்பினாள். நல்ல மனிதர். கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

தம்பி கதவைத் திறந்தான். கடைக்காரர் ஒன்று விடாமல் சொன்னார்: இன்ன மருந்து, செம்பு கலந்தது, நான்தான் கொடுத்தேன், நத்தை இருக்கிறதென்று உங்க அக்கா சொல்லவில்லை, இதில் உங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. தம்பி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான்.

"சரிங்க. கடையை விட்டுட்டு எனக்காக வந்தீங்களே, ரொம்ப நன்றி" என்றான். பிறகு அக்காவைப் பார்த்தான். "வெளி ஆளைக் கூட்டிட்டு வந்து இப்படிச் சொல்ல வைக்கிற அளவுக்கு உன்னைப் படுத்திட்டேன்ல" என்றான். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "அவர் மனசு ஆறட்டும்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அக்கா கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, "நான்தான்டா! என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன், நான்தான்டா கொன்னேன்! நம்புடா!" என்று கதறினாள்.

பிறகு கதவுக்கு மிக அருகிலிருந்து, இதமாக, ஒரு குழந்தையைத் தட்டிக் கொடுப்பது போல அவன் குரல் வந்தது.

"நம்பறேன்க்கா. அழாதே. போய்ச் சாப்பிடு."

அது பொய் சொல்லித் தேற்றுகிற குரல் என்று அவளுக்கா தெரியாது?