குண்டு பாய்ந்த கால்

சுவரொட்டியில் இருந்தவருக்குத் தொப்பை இல்லை. கையில் துப்பாக்கி இருந்தது. பின்னால் பனிமலை, பக்கத்தில் ஒரு பீரங்கி, தலைக்கு மேலே போர் விமானங்கள். கீழே கொட்டை எழுத்தில், ‘நாட்டுக்காகக் காலில் குண்டு வாங்கிய வீரர், நமக்காகச் சட்டசபைக்கு!’

லெஃப்ட்-ரைட் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“யாருப்பா இது?”

“நீங்கதான் சார்,” என்றார் கட்சியின் தொகுதிச் செயலாளர். “மூக்கு அப்படியே இருக்கு பாருங்க.”

மூக்கு என்னவோ அவருடையதுதான். அவர் பட்டாளத்தில் இருந்ததும் நிஜம், வலது காலை லேசாக இழுத்து நடப்பதும் நிஜம். இரண்டுக்கும் நடுவே குண்டு என்று ஒன்று இல்லவே இல்லை. அவர் வேலை பார்த்தது ரேஷன் கிடங்கில். ஒரு மழைநாளில் லாரியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கும்போது வழுக்கி விழுந்தார். மூட்டை அவர் மேல் விழுந்தது. பட்டாளம் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதற்கப்புறம் படித்துக் கணக்கு வாத்தியார் ஆனார். பிள்ளைகளை வரிசையாக லெஃப்ட், ரைட் போட்டு வகுப்புக்குக் கூட்டிப்போனதில் வந்த பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

வகுப்பில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, ஸ்டெப் வேண்டும். செயலாளரே அவரிடம் படித்தவர்தான். பரீட்சையில் அவர் எழுதிய விடைகளெல்லாம் சரியாக இருந்தன, ஸ்டெப் ஒன்றுகூட இல்லை. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியவருக்கு வாத்தியார் முட்டை போட்டு அனுப்பினார். அதைச் செயலாளர் மறக்கவில்லை, ஆனால் அரசியலுக்கு வந்தவர் கோபத்தை எல்லாம் மூட்டை கட்டி வைக்கத்தானே வேண்டும்.

“நீங்க பொய்யே சொல்ல வேணாம் சார்,” என்றார் அவர் பாசமாக. “மேடை ஏறும்போது கொஞ்சம் நொண்டுங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.”

வாத்தியார் உருளைக்கிழங்கு மூட்டையைச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை, வாயை மூடிக்கொண்டார். மூடியதற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுகிறது என்று அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ‘இங்க சொல்லி என்ன சார் ஆகப்போகுது? சட்டசபையில போய்ச் சொல்லுங்க’ என்று ஒரு அதிகாரி கிண்டலாகச் சொல்லப்போக, மனிதர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். தேர்தலில் நிற்க வேலையை ராஜினாமா செய்ய வேண்டும் என்றார்கள், செய்துவிட்டார். சீட்டுக் கொடுத்தது இந்தக் கட்சி ஒன்றுதான். ஜெயித்தால் சட்டசபை, தோற்றால் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

அந்த வீட்டில் மனைவி தையல் மெஷினில் யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, உங்க கால்ல விழுந்தது உருளைக்கிழங்குன்னு எனக்குத் தெரியும். கட்சிக்குத் தெரியுமா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“உருளைக்கிழங்குக்கு ஓட்டு விழாதாம்.”

மனைவி மெஷினை ஒரு மிதி மிதித்தார்.

முதல் கூட்டத்தில் நல்ல கூட்டம். வாத்தியார் நொண்டிக்கொண்டே மேடை ஏறினார், கைதட்டல் காதைப் பிளந்தது. இரண்டாவது ஊரிலும் அப்படியே. மூன்றாவது ஊரில்தான் அவருக்குப் பொறி தட்டியது. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் முகத்தை முதல் நாளிலேயே மனப்பாடம் செய்துவிடுகிற கண் அது. முன்வரிசையில் நீலக்குடை வைத்திருந்த அம்மாவை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். குரங்குக்குல்லாய்க்காரரையும், உட்கார்ந்தபடியே தூங்குகிறவரையும்கூடத்தான்.

“நம்ம மேஸ்திரி கூட்டிட்டு வர்ற ஆளுங்க சார்,” என்றார் செயலாளர், கூச்சமே இல்லாமல். “லாரியில வருவாங்க, கைதட்டுவாங்க, சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிட்டுப் போவாங்க. எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கும் அவங்கதான். தொழில்ல கட்சி பேதம் பாக்க மாட்டாங்க.”

வாத்தியாருக்கு வருத்தமாகிவிட்டது. ஆட்களைக் கூலிக்குக் கூட்டி வந்ததற்கல்ல. ஒரே வகுப்புக்கு ஒரே பாடத்தை மூன்று தடவை நடத்திவிட்டோமே என்றுதான்.

மறுநாள் பேச்சை மாற்றினார். “நாளைக்கு யாராவது மேடை ஏறி, அதைத் தர்றேன் இதைத் தர்றேன்னு சொல்லுவாங்க. அது விடை. எப்படித் தருவீங்கன்னு கையைத் தூக்கிக் கேளுங்க. கத்தக்கூடாது. ஒருத்தர் பேசினப்புறம்தான் இன்னொருத்தர். ஸ்டெப் இல்லைன்னா என்ன?”

“முட்டை!” என்றது கூட்டம். தூங்குகிறவர்கூட விழித்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் நீலக்குடை அம்மா எழுந்து வீட்டுப்பாடத்தை ஒப்பித்தார். காலையில் எதிர்க்கட்சிக் கூட்டத்தில், வீட்டுக்கு வீடு குழாய் போடுவேன் என்றாராம் அந்த வேட்பாளர். தண்ணி எங்கேயிருந்து வரும் என்று இவர் கையைத் தூக்கிக் கேட்டாராம். குழாய்க்குள்ளிருந்து வரும் என்று சொல்லிவிட்டு, மைக் சரியில்லை என்று இறங்கிப்போனாராம். அதற்கப்புறம் அந்த மனிதருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எந்த ஊரிலும் வாயே திறக்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

“சார், வெளுத்து வாங்கறீங்க! ஜெயிச்சாச்சுன்னே வச்சுக்கங்க!” என்று செயலாளர் குதித்தார்.

வாத்தியாருக்கும் ஆசை வந்துவிட்டது, அதை மறைப்பானேன்? சட்டசபை நாற்காலிக்குக் கைப்பிடி உண்டா என்று ஜாடையாக விசாரித்தார். நொண்டலும் நாளுக்கு நாள் மெருகேறியது. ஒருநாள் அவசரத்தில் இடது காலை நொண்டிவிட, செயலாளர் பின்னாலிருந்து கிள்ள வேண்டியிருந்தது. குளியலறைக்குப் போகும்போதும் இழுத்து இழுத்து நடந்தவரைப் பார்த்து மனைவி, “வீட்டுக்குள்ளகூடவா?” என்றார். அவர் நிமிர்ந்து நடக்க முயன்றார். கால் பழகிப்போயிருந்தது.

கடைசிக் கூட்டத்துக்குப் பத்திரிகைக்காரர்களும் கேமராக்காரர்களும் வந்திருந்தார்கள். வாத்தியார் பேசி முடித்து, “கேள்வி இருக்கா?” என்றார், பழக்கதோஷத்தில்.

நீலக்குடை அம்மா கையைத் தூக்கினார். எழுந்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையைக் கட்டி நின்றார்.

“சார், உங்க கால்ல குண்டு பாஞ்சதுன்னு போஸ்டர்ல போட்டிருக்கு. அது விடை. எந்தச் சண்டை, யாரு சுட்டாங்க? ஸ்டெப் சொல்லுங்க சார்.”

அந்த முகத்தில் நக்கல் இல்லை, குத்தல் இல்லை. பாடத்தைச் சரியாகப் படித்துவிட்டு ‘சபாஷ்’ கேட்கக் காத்திருக்கிற பிள்ளையின் முகம் அது.

“பனிமலைன்னு சொல்லுங்க சார்,” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குசுகுசுப்பு வந்தது. “ராத்திரி நேரம், முகம் தெரியலைன்னு சொல்லுங்க.”

பக்கத்து பெஞ்சிலிருந்து வரும் அந்தக் குசுகுசுப்பை அவருக்குத் தெரியாதா? ஆயுசு முழுக்க அதைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தானே. இப்போது அது தனக்காக வருகிறது, அதுவும் தான் முட்டை போட்ட அதே வாயிலிருந்து. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

“யாரும் சுடலைம்மா,” என்றார். “நான் ரேஷன் கிடங்குல இருந்தேன். உருளைக்கிழங்கு மூட்டை மேல விழுந்துச்சு.”

மைக் செத்தது. யார் பிடுங்கியது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? “மூட்டை மலைக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அங்க இருந்தவங்க சாப்பிட்டாங்க. நான் செஞ்சது அவ்வளவுதான். போஸ்டர்ல இருக்கறது பொய். தெரிஞ்சும் நான் சும்மா இருந்தேன்,” என்றார்.

பத்திரிகைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரியின் ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை.

“உக்காரலாமா சார்?” என்றார் நீலக்குடை அம்மா.

“உக்காரும்மா. நல்ல கேள்வி.”

டெபாசிட் காலி. வாயைத் திறக்காத வேட்பாளர் அமோகமாக ஜெயித்தார். முதல் ஆளாகப் போய் அவரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தியவர் நம் செயலாளர். கூடிய சீக்கிரம் அந்தக் கட்சியிலேயே ஐக்கியமும் ஆகிவிட்டார். வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து, எதிர்பார்த்தபடியே, சுவரைப் பார்த்தார்.

ஒருநாள் காலையில் மேஸ்திரி வந்து வாசலில் நின்றார்.

“என் ஆளுங்களைக் கெடுத்துட்டீங்க சார். ஒரு கட்சியும் கூப்பிட மாட்டேங்குது. எங்க கொண்டுபோய் உக்கார வச்சாலும் கையைத் தூக்குதுங்க.”

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து வந்த சிரிப்பு. “அவங்களாவது எனக்கு ஓட்டுப் போட்டிருப்பாங்க, இல்லையா?”

“அவங்களுக்கு இங்க ஏது சார் ஓட்டு? எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம், வேற தொகுதி.”

தையல் மெஷின் நின்றது. மனைவி நூலைப் பல்லால் கடித்தபடி கணவரைப் பார்த்தார். வாத்தியாரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. ஊர் ஊராகத் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியதெல்லாம் ஓட்டே இல்லாதவர்களிடம்.

“நீங்க ஒரு தடவை வந்து, இனிமே கையைத் தூக்காதீங்கன்னு சொல்லிடுங்க சார். வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க.”

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். டெபாசிட் போன மனிதரின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பா? “அதை மட்டும் சொல்ல மாட்டேன்ப்பா,” என்றார்.

மேஸ்திரி கோபப்படவில்லை. மேடைக்குக் கீழே நின்று எல்லாப் பேச்சையும் கேட்டவர்தான் அவரும். மெல்லக் கையைத் தூக்கினார்.

“கேள்வி கேளுங்கன்னீங்க. சரி, அது விடை. கேட்டதால வேலை போச்சே, அவங்க வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? ஸ்டெப் சொல்லுங்க சார்.”

பிடுங்கிவிட இங்கே மைக்கும் இல்லை. வாத்தியார் யோசித்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“தெரியலை,” என்றார். “தெரியலைன்னு அவங்ககிட்டயே வந்து சொல்றேன். எல்லாருமா உக்காந்து கணக்கைப் போட்டுப் பாப்போம். லாரி எங்க?”

“மொதல்ல செருப்பைப் போடுங்க,” என்றார் மனைவி.

லாரி தெருமுனையில் நின்றது. உள்ளே அவருடைய வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது. வலது கால் படிக்கு எட்டவில்லை. நீலக்குடை அம்மா குனிந்து, “பாத்து சார், வழுக்கும்,” என்று ஒரு கையால் அவரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இன்னொரு கை ஏற்கெனவே மேலே இருந்தது.