சாவியில் தொங்கிய தாயத்துகள்

மாலீக்கு இடுப்புவலி கண்டிருந்தது. மருத்துவமனை இருந்த சியாங் மாய் நகரை நோக்கி மலைச்சாலையில் இறங்கிய கணவன் நரோங்கின் பழைய கார், மூன்றாம் முறையாக வளைவில் உயிரடங்கியது, பிரேக்கும் இறுகியது. அரும்பாடுபட்டு ஓரமாக நிறுத்தினான்.

"பெட்ரோல் இருக்கு, பேட்டரியும் புதுசு. என்னடி செய்ய?"

"நேர் ரோட்டுல நல்லாத்தானே போவுது? திரும்புனாத்தான் நிக்குது. சாவிகிட்ட என்ன ஆடுதுன்னு பாருய்யா! புள்ளைய ரோட்டுலயே பெத்துப்போடவா?"

சாவியில் புத்தர் திருவுருத் தாயத்துகள் கோத்த மாலை கனத்துத் தொங்கியது. காவலுக்கென்று கோயில்தோறும் அவன் பெற்றுவந்தவை. அதை அசைத்தான். முகப்பு விளக்குகள் அணைந்து எரிந்தன. தேய்ந்த சாவித்துளையில், வளைவுதோறும் ஆடிய அந்தக் கனமே சாவியை அணைக்கும் பக்கம் இழுத்திருக்கிறது.

கைகூப்பி வணங்கி, மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் அணிவித்தான்.

"புள்ளையோட சேத்து சாமியையும் நானே சுமக்கறேன். நீ வண்டிய எடு!"

அடுத்த வளைவில் எஞ்சின் நிற்கவில்லை.