பக்கத்தகட்டு ஆணி

றினாஸ் கல்முனையில் துவக்கு எனப்படும் துப்பாக்கிகளைத் திருத்துபவர். அதற்கான அனுமதிப் பத்திரம் அவரிடம் இருந்தது. வயல்காரர்கள் காவலுக்கு வைத்திருக்கும் துவக்குகள்தான் பெரும்பாலும் அவரிடம் வரும்.

தை மாதத்தில் நாவிதன்வெளியிலிருந்து வேலப்போடி என்ற வயல்காரர் வந்தார். விசை இறுகிப்போயிருப்பதாகச் சொல்லித் தன் ஒற்றைக்குழல் துவக்கைக் கொடுத்தார். உள்ளே பார்க்க வேண்டுமானால் விசைப்பொறியை மூடியிருக்கும் பக்கத்தகட்டைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருந்த திருகாணி துருவேறி இறுகியிருந்தது. றினாஸ் கையில் எடுத்த ஸ்குரூ ட்ரைவர் மலிவானது, முனை தேய்ந்தது. பலம் கொடுத்துத் திருகியபோது அது வழுக்கி, ஆணித்தலையின் வெட்டைக் கிழித்துவிட்டது.

எப்படியோ ஆணியைக் கழற்றி, உள்ளே துப்புரவாக்கி எண்ணெய் போட்டார். திரும்பப் பூட்டும்போது கிழிந்த வெட்டில் முனை பிடிக்கவில்லை. ஆணி முழுதாக இறுகவில்லை என்று அவருக்குத் தெரியும். புதிய ஆணி கடைந்து போட இரண்டு நாளாவது வேண்டும். வேலப்போடியோ வாசலில் காத்திருந்தார். றினாஸ் கிழிசலை அரத்தால் ராவி, கறுப்புப் பூசிக் கொடுத்தனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் பொழுதுபடும் நேரம் யானைகள் வயலில் இறங்கின. வேலப்போடி துவக்கை வானத்தை நோக்கிப் பிடித்து விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. ஆணி கழன்று தகடு விலகியிருந்தது. யானைகளுக்குப் பயந்து ஓடும்போது அவர் வாய்க்காலுக்குள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

இந்தச் செய்தி தேநீர்க்கடையில் றினாஸின் காதில் விழுந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. மனைவி நபீலா காரணம் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னார்.

"அவரு வேற ஆக்கள்ர வாயால கேக்கிறத்துக்கு முந்தி, நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். வேலப்போடி அசைய முடியாமல் கிடந்தார்.

"அண்ணன், அந்த ஆணி என்ட கையாலதான் பழுதான. உங்களுக்குச் சொல்லாம மறைச்சிட்டன்."

வேலப்போடி முகட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கே சொல்லியிருந்தா, நான் அந்தத் துவக்க நம்பி நிண்டிருக்க மாட்டன் தம்பி."

அந்தக் கிழமையே றினாஸ் தன் பழைய ஸ்குரூ ட்ரைவர்களையெல்லாம் ஒதுக்கினார். துவக்கு ஆணிகள் நாலைந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்துல் கபூரின் ஹாட்வெயார் கடைக்குப் போய், ஒவ்வொரு ட்ரைவரின் முனையையும் ஆணியின் வெட்டில் வைத்துப் பார்த்தார். எல்லாமே ஆப்பு மாதிரிச் சரிந்த முனைகள். வெட்டின் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு ஆடின. அவருக்கு வேண்டியது இரு பக்கமும் நேராக இறங்கி, வெட்டின் அடிவரை போய், ஆணித்தலையின் அகலத்துக்கே நிற்கும் முனை. பல பெட்டிகளைத் திறந்து காட்டிய கபூர், வாகனத்துக்கும் கதவுக்கும் இவை போதுமே என்று சலித்துக்கொண்டார். றினாஸ் வெறுங்கையோடு திரும்பினார்.

கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு பிட் பெட்டி எடுப்பித்தார். ஒரே பிடியில் மாற்றிப் பூட்டும், பிட் எனப்படும் சிறு முனைகள், பல அகலத்தில் இருந்தன. பழைய ஆணிகளில் பலம் கொடுத்துத் திருகிப் பார்த்தார். முனை வளையவுமில்லை, உடையவுமில்லை. அகலம் சற்றுக் கூடியவற்றை எண்ணெய்க்கல்லில் தேய்த்து அளவாக்கினார்.

சித்திரை முடிவில் வேலப்போடி ஊன்றுகோலோடு ஓட்டோவில் வந்தார். துவக்கும் மடியில் இருந்தது. றினாஸ் அவர் கண்முன்னே வேலை செய்தார். தகட்டை நேராக்கி, புதிதாகக் கடைந்த ஆணியைப் போட்டார். பிட் வெட்டுக்குள் அசையாமல் நின்றது. ஆணி அடிவரை இறுகியது. இனிப் பயமில்லாமல் காவலுக்குக் கொண்டுபோகலாம் என்றார்.

"காவலுக்கில்ல தம்பி" என்றார் வேலப்போடி. "இந்த இடுப்போட வரம்பில நடக்கேலா. வயலக் குத்தகைக்குக் குடுத்திட்டன். துவக்க அரசாங்கக் கச்சேரியில ஒப்படைக்கப் போறன். பழுதோட குடுக்க மனமில்ல."

வேலப்போடி எழும்பப் பாடுபட்டபோது றினாஸ் அவரது முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். வேலப்போடி அந்தக் கையை உதறவில்லை. ஓட்டோ வரை இருவரும் மெல்ல நடந்தார்கள்.